வக்கீலம்மா ஊற்றிய எண்ணெய்

அவளுக்கும் சட்டத்துக்கும் இருந்த சம்பந்தம் இவ்வளவுதான்: பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு வருடம், ஒரு வக்கீல் வீட்டுத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஆனாலும் சுற்றுவட்டாரம் முழுக்க அவளுக்கு வக்கீலம்மா என்றே பெயர். தண்ணீர்க் குழாய் இணைப்பு தராமல் இழுத்தடித்த அலுவலகத்துக்குப் பத்து நாள் நடந்து, பதினோராம் நாள் அங்கேயே பாயை விரித்துவிடுவேன் என்று சொல்லி வாங்கி வந்தவள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் நின்றுபோன ஓய்வூதியத்தைப் பேசியே திரும்ப வரவழைத்தவள். அவள் வாதாடித் தோற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை என்று அவளுடைய வீட்டுக்காரர் சொல்வார். "அவ ஜெயிச்ச முதல் கேஸே என் மேலதான்" என்று சேர்த்துக்கொள்வார்.

தெருக்கோடியில் இருந்தது அவர்களுடைய நர்சரி. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே வரிசை வரிசையாகத் தொட்டிகள், ஓரத்தில் தண்ணீர் இறைக்கும் பழைய பம்ப், கருவிகள் வைக்க ஒரு சின்ன அறை, பின்னால் இலைதழை மக்கும் குழி. வீட்டுக்காரர் ஒட்டுக் கட்டுவதிலும் விதை போடுவதிலும் கெட்டிக்காரர். வாய் திறந்து பேசச் சொன்னால்தான் கஷ்டம். விற்பது, வண்டி ஓட்டுவது, சண்டை போடுவது மூன்றும் அவள் இலாகா.

வண்டி என்பது மாமனார் வாங்கிப் போட்ட பிக்கப். அவளுக்கு ஐம்பத்திரண்டு என்றால் அதற்கு ஐம்பத்தாறு. உருண்டை விளக்குகள், முன்னால் மூன்று பேர் சேர்ந்து உட்காரும் ஒரே நீள இருக்கை, பின்னால் மரப்பலகைத் தடுப்பு. பழைய வண்டி சேர்ப்பவர்கள் இரண்டு பேர் தேடி வந்து விலைக்குக் கேட்டார்கள். "உழைக்கிற வண்டியைக் கொண்டுபோய் பொம்மையா நிக்க வைக்கவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அந்த வண்டியின் பிரேக்கைத் தெரிந்து வேலை பார்க்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். மூன்று தெரு தள்ளித் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக். நாற்பத்தைந்து வயது, தடித்த மூக்குக் கண்ணாடி, திக்குவாய். சில எழுத்துகள் அவர் உதடு வரைக்கும் வந்து, படி தாண்ட மாட்டேன் என்று நின்றுவிடும். அதற்குப் பயந்தே அவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். "ஷூ போச்சு. மாத்தணும். நாளைக்கு." ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கட்டுகிறவரைப் போலப் பேசியதால் டிரைவர்கள் அவருக்குத் தந்தி என்று பெயர் வைத்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, கொட்டகைச் சுவரில் அந்தப் பெயரை யாரோ பெயின்டில் எழுதியபோது அழிக்கவும் இல்லை.

வக்கீலம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். இடத்துக்காரர் திடீரென்று கொட்டகையைக் காலி செய்யச் சொன்னபோது தந்திக்காகப் போய்ப் பேசியது அவள்தான். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மூன்று வேன்களையும் அவரிடம் விடும்படி சிபாரிசு செய்ததும் அவள்தான். "என் வண்டியவே அவர்கிட்டதான் விடறேன். வேற என்ன சாட்சி வேணும்?" என்று பள்ளிக்கூட அலுவலகத்தில் போய்ச் சொன்னாள்.

ஒருநாள் பிக்கப்பின் பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். வண்டியைத் தந்தியிடம் கொண்டுபோய் விட்டாள். அவர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்து, உள்ளே நனைந்துபோயிருந்த பிரேக் ஷூவை விரலால் தொட்டுக் காட்டினார். ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் கசிந்திருந்தது. ஒரு சக்கரத்தோடு விடாமல் நான்கையும் பிரித்தார். சிலிண்டர்களை உள்ளே இழைத்து வழவழப்பாக்கினார். எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் புது ரப்பர் போட்டார். ஷூக்களுக்குப் புதுப் பட்டை அடித்தார். கடைசியில் குழாய்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் இருந்து திருகைத் திறந்து மூட வேண்டும். வக்கீலம்மா ஏறி உட்கார்ந்தாள். "மிதிங்க" என்பது தந்திக்கு வராத சொல். அதனால் ஸ்பேனரால் தட்டினார். ஒரு தட்டு என்றால் மிதி, இரண்டு தட்டு என்றால் விடு. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்து முடித்தார்கள். பெடல் கல் மாதிரி நின்றது.

"ஒரு வாரம் கழிச்சு ஆயில் பாருங்க அக்கா. கொறஞ்சா ஊத்தணும்" என்று மிச்சமிருந்த பிரேக் ஆயில் பாட்டிலை நீட்டினார்.

"வீட்ல ஒண்ணு இருக்கு தம்பி. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது உண்மை. பிரேக் ஆயில் என்று கொட்டை எழுத்தில் காகிதம் ஒட்டிய பாட்டில். ஆனால் அதற்குள் இருந்தது பிரேக் ஆயில் இல்லை. போன வருடம் காலியான பாட்டிலைத் தூக்கிப்போட மனசு வராமல், பம்புக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை அதில் நிரப்பி அலமாரியில் வைத்தது அவளே. வைத்ததை மறந்ததும் அவளே.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு விரல் உயரம் குறைந்திருந்தது. பாட்டிலைக் கொண்டு வந்து சாய்த்தாள். எண்ணெய் கெட்டியாக, நூல் மாதிரி இறங்கியது. அவள் கை ஒரு நொடி நின்றது. பழைய ஆயில், இறுகிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் முல்லைப் பதியன் கேட்டு யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். மளமளவென்று ஊற்றி மூடியைத் திருகிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாளிலிருந்து பெடல் முரண்டு பிடித்தது. வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. புது ஷூ, பழகணும் என்று ஓட்டினாள். ஐந்தாம் நாள் காலையில் ஒரு ஓட்டலுக்கு அறுபது தொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். சந்தைக்கு இறங்கும் சரிவில் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னமோ தீயற வாசனை வருதே."

அவள் பிரேக்கை மிதித்தாள். சேற்றில் கால் இறங்குவதைப் போலப் பெடல் தரை வரைக்கும் போனது. இன்னொரு தடவை மிதித்தாள், அதே கதி. கீழே சந்தை முனையில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கியரைக் கீழே தட்டி, கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியைக் கொண்டுபோய்ச் செருகினாள். தெருவில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின்னால் தொட்டிகளில் பாதிக்குமேல் நொறுங்கிவிட்டன. வீட்டுக்காரர் முன்கண்ணாடிச் சட்டத்தில் மோதி நெற்றி பிளந்துபோனார். ஏழு தையல்.

தையல் போட்டு அவரை வீட்டில் படுக்க வைத்த கையோடு, புடவையில் இருந்த இரத்தக் கறையைக்கூட மாற்றாமல், அவள் தகரக் கொட்டகைக்குப் போனாள். டிரைவர்கள் நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அது அவளுக்கு வசதியாகவே பட்டது.

"என்ன வேலை பார்த்தே நீ? என் வீட்டுக்காரர் மண்டை உடஞ்சு கெடக்கறார். இன்னும் பத்தடி போயிருந்தா எத்தனை பேர் செத்திருப்பாங்க தெரியுமா?"

அதுவரை அவரை நீ என்று அவள் பேசியதில்லை. தந்தி எழுந்து நின்றார். கையில் வேஸ்ட் துணி. "அக்கா, வ… வ… வண்…" என்று ஆரம்பித்தார். வண்டி எங்கே, கொண்டு வாங்க பார்க்கலாம் என்று சொல்ல வந்தார் என்பது இப்போது நினைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியும். அப்போது அந்தச் சொல் வாசலில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி முயன்றார். "வ… வ…"

"என்ன வ… வ… வ…? சொல்லு பார்ப்போம். வ… வ… வாய்ல வேலை செய்யாதவன் கையிலயாவது ஒழுங்கா வேலை செய்ய வேண்டாம்?"

அதே மாதிரி தாடையை ஆட்டி, அதே மாதிரி கண்ணை இறுக்கிச் சொன்னாள். ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல் மாற்றிக்கொண்டான். தந்தி முயல்வதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி அழுக்குத் துணியாலேயே துடைத்தார். அவள் அதைக் குற்றம் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்னொரு வழக்கு ஜெயித்தாகிவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்து, நெடுஞ்சாலை ஓரம் இருந்த பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். சிமெண்டுத் தரை, வரிசையாகத் தூக்கி நிறுத்திய கார்கள், கண்ணாடி அறைக்குள் முதலாளி. அவரே வந்து பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்து, கட்டை விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். பிறகு ஆளை விட்டு ஒரு சிலிண்டரைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே இருந்த ரப்பரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய கடலை மாதிரி அது உப்பிப் பிதுங்கியிருந்தது.

"யாரும்மா இதுல எஞ்சின் ஆயில் ஊத்தினது? இந்த ரப்பருக்கு அது விஷம். ஊறி உப்பிப்போய் பிரேக் விடவே இல்ல. புடிச்சுப் புடிச்சுச் சூடாகி, ஆயில் கொதிச்சு, பெடல் போயிருக்கு."

அலமாரியில் இருந்த பாட்டில் அவள் கண் முன்னால் வந்தது. கெட்டியாக, நூல் மாதிரி இறங்கிய எண்ணெய். ஒரு நொடி நின்ற கை. எல்லாம் தெளிவாக ஞாபகத்துக்கு வந்தது. தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லாத தெளிவு.

"கடைசியா யாரு இதுல கை வச்சது?" என்றார் முதலாளி.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல அவளுக்கு எந்தத் திக்கலும் இருக்கவில்லை.

"தந்தி."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தாள். பாட்டில் பாதி காலி. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுபோய்ப் பின்னாலிருந்த மக்கும் குழியில், காய்ந்த இலைகளுக்கு அடியில் சொருகினாள். சாயந்தரம் நெற்றியில் கட்டோடு எழுந்து வந்த வீட்டுக்காரர், பம்புக்கு ஊத்தற ஆயில் பாட்டில் எங்கே என்று கேட்டார். ஒழுகிச்சு, தூக்கிப் போட்டுட்டேன் என்றாள். சரி என்று போய்விட்டார். கேள்வி கேட்காத புருஷன் கிடைத்ததற்கு அதுவரை அவள் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு, இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்றிருந்தது.

ஒரு பொய் சொன்னால் அதைக் கட்டி மேய்க்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அவளுக்கு அவ்வளவு சிரமம்கூட இருக்கவில்லை. மற்ற எட்டையும் ஊரே சொல்லிக்கொண்டது. ஒர்க்‌ஷாப் முதலாளி சிரித்துக்கொண்டே இரண்டு பேரிடம் சொன்னார்; அந்த இரண்டு பேர் டிரைவர்கள். மூன்று நாளில் அது ஜோக்காகிவிட்டது. "தந்திகிட்ட விட்டா பிரேக்குக்கு எஞ்சின் ஆயில் ஊத்துவான். எஞ்சினுக்கு என்ன ஊத்துவான்னு கேளு, சொ… சொ… சொல்றதுக்குள்ள வண்டி துருப்புடிச்சுரும்." உரமூட்டை இறக்க வந்த டிரைவர் அதை அவளிடமே சொன்னான். மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. எண்ணிக்கை தப்பிப்போய் முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்யும் அம்மா ரோஜாச் செடி வாங்க வந்தாள். செடியைப் பார்ப்பதற்கு முன்னால் வக்கீலம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத்தாங்க நன்றி சொல்லணும். நீங்க தைரியமாப் போய்க் கேட்டதாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. நூத்துக்கணக்குல புள்ளைங்க போற வண்டி. மூணு வேனையும் அன்னிக்கே அங்கேருந்து எடுத்துட்டோம். பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டாச்சு."

"அப்படியா?" என்றாள் வக்கீலம்மா.

"நீங்கதானே அவரை முதல்ல சொன்னது. அதுக்காகச் சங்கடப்படாதீங்க. மனுஷனை யாரு உள்ள போய்ப் பார்க்க முடியும்?"

பிடித்திருந்த கைகளை அவளால் உருவிக்கொள்ள முடியவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு ரோஜாவோடு ஒரு செம்பருத்தியையும் சும்மாவே கொடுத்து அனுப்பினாள். ஏன் கொடுத்தோம் என்று பிறகு யோசித்தாள். வாயடைக்கக் கொடுத்தது. தன் வாயைத்தான்.

தந்தியின் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் நடந்தாள். எதிரில் கண்ணாடி போட்ட யாராவது வந்தால் கடைகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். ஒருநாள் துணிந்து பெரிய ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் போய், அந்த ஆயில் விஷயம், ஒருவேளை எங்க வீட்லயே தவறிப்போய் யாராவது ஊத்தியிருப்பாங்களோ என்னவோ என்று இழுத்தாள். அவர் கண்ணடித்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. மெக்கானிக் எவனும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான். விடுங்க, யாருக்குத் தெரியப்போகுது? ஆமா, உங்க வண்டியக் கொண்டுபோயிருங்க. அந்தக் காலத்து ரப்பர் எங்கயும் கெடைக்கல."

அவர் அவளையும் தம் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிட்டார் என்பது வீடு வருகிற வழியெல்லாம் அவளை அரித்தது.

கட்டுப் பிரித்த அன்று காலையில் வீட்டுக்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"தந்தி வீட்டு வரைக்கும். எனக்கு அடிபட்ட கோவத்துல நீ ரெண்டு வார்த்தை ஜாஸ்தி பேசிட்ட. தப்பு அவர் மேலயே இருக்கட்டும், எனக்கு மனசு கேக்கல. நான் போய்ப் பேசிட்டு வரேன்."

அவருடைய வாழ்நாளில் அவர் வலியப் போய்ப் பேசக் கிளம்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் செருப்பைக் காலால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு அவர் மேல இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், கெட்டியான எண்ணெய், ஒர்க்‌ஷாப்பில் சொன்ன ஒரு சொல், ரோஜாச் செடி. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் நெற்றியில் இருந்த தையல் தழும்பைப் பார்த்தே சொன்னாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டில என்ன பண்ணின?"

"மக்கற குழியில சொருகிட்டேன்."

"குழியிலயா?" அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அறிவிருக்கா உனக்கு? எண்ணெய் எறங்கினா அந்த மண்ணு எதுக்காகும்?" என்று வெளுத்த சட்டையோடேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். பாட்டிலைத் தோண்டி எடுத்து, துடைத்து, அவள் கையில் கொடுத்தார். "நல்லவேளை, மூடி டைட்டா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாட்டிலோடு முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அலுவலக அம்மாவும் மேலாளரும் கேட்டுக்கொண்டார்கள். "ஒரு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சேம்மா. இனி அடுத்த வருஷம்தான் பார்க்கணும்" என்றார் மேலாளர். முந்தின வாரம் கையைப் பிடித்த அலுவலக அம்மா, இப்போது மேசையில் இருந்த காகிதங்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு தகரக் கொட்டகை. ஆள் முன்னால் பேசியதை ஆள் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ஆனால் கொட்டகையில் வண்டியும் இல்லை, டிரைவர்களும் இல்லை. தந்தி தனியாக உட்கார்ந்து யாருடைய சைக்கிள் பிரேக்கையோ சரி செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.

"ஆளுங்க வரட்டும் தம்பி. அப்புறம் சொல்றேன்" என்று ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். சைக்கிள் வேலை முடிந்தது. அவர் தரையைப் பெருக்கினார். அவள் காலைத் தூக்கிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் டீ குடிக்க வந்த இரண்டு டிரைவர்களைப் பேர் சொல்லாமல் கைதட்டிக் கூப்பிட்டாள். அதில் ஒருவன் அன்றைக்குச் சிரித்தவன்.

பாட்டிலை எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெட்டியின் மேல் வைத்தாள்.

"இதுல இருக்கறது எஞ்சின் ஆயில். பம்புக்கு வச்சிருந்தது. பிரேக் ஆயில்னு நெனச்சு நான்தான் ஊத்தினேன். இவர் வேலையில ஒரு குத்தமும் இல்ல. ஒர்க்‌ஷாப்ல கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இவர் பேரைச் சொன்னேன். நாலு பேர்கிட்ட இதையும் சொல்லுங்க."

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தவன் டீ டம்ளருக்குள் பார்த்தான். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் நழுவினார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைத் தடுமாறாமல் சொல்லி முடித்ததில் அவளுக்கு மூச்சு வந்தது. இப்போது தந்தி ஏதாவது சொல்வார்; திட்டுவார், அல்லது பரவாயில்லக்கா என்பார். இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

தந்தி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார்.

"எ… எண்ணெய் மாறிப்போறது யாருக்கும் நடக்கும்" என்றார். வழக்கமாக அங்கே நிறுத்திவிடுபவர் அன்றைக்கு நிறுத்தவில்லை. சொல் நின்ற இடங்களில் நின்று, கண்ணை மூடித் திறந்து, மேலே போனார். "ப… பேர் சொன்னதும் சரி. பயத்துல சொல்லியிருப்பீங்க. ஆனா நீங்க… என்னை மாதிரியே பே… பே… பேசிக் காட்டினீங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

"எம் பொண்ணு உள்ள இருந்தா" என்றார் தந்தி. கொட்டகைக்குப் பின்னால்தான் அவர் வீடு.

அவள் கொண்டு வந்திருந்த அத்தனை பேச்சும் எண்ணெயைப் பற்றியது. இதைப் பற்றி ஒரு வார்த்தை தயாராக இல்லை. அதைவிடக் கொடுமை, பத்து நாளாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவளுக்கு இது ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எண்ணெய், பாட்டில், பொய், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றையும் எடுத்துத் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவள், தாடையை ஆட்டிக் காட்டியதைக் குற்றமாகவே எண்ணியிருக்கவில்லை. கோபத்தில் வந்த பேச்சு, அவ்வளவுதான் என்று ஒதுக்கியிருந்தாள். இப்போது அந்தக் காட்சி, உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காது வழியாக அவளுக்குக் கேட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தப்புதான்" என்றாள்.

தந்தி தலையை ஆட்டினார். ஆமாம், தப்புதான் என்கிற ஆட்டல். மன்னித்தேன் என்பது அதில் இல்லை. பாட்டிலைப் பெட்டியின் மேல் திருப்பி வைத்துவிட்டு, "வண்டி எங்க?" என்று கேட்டார்.

"பெரிய ஒர்க்‌ஷாப்லயேதான் நிக்குது. ரப்பர் கெடைக்கலையாம். நீங்க அதைத் தொட வேண்டாம் தம்பி. நான் எப்படி உங்களைக் கேக்கறது?"

"வண்டி என்ன பண்ணுச்சு?" என்றார் தந்தி. "கொண்டு வாங்க மேடம்."

பதினாலு வருடமாக அக்கா என்று கூப்பிட்டவர். அந்த மேடம் அவளுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

வேலை ஒன்பது நாள் இழுத்தது. முதல் தடவையைவிடக் கடினம். எண்ணெய் தொட்ட ரப்பர் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது. வைத்தால் மறுபடி ஊறும். பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரைக்கும் எல்லா ரப்பரையும் பிடுங்கி எறிந்தார். வளையும் குழாய்களை மாற்றினார். இரும்புக் குழாய்களைக் கழற்றி, ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காற்றடித்து, மறுபடி கழுவினார். பழைய அளவு ரப்பருக்காக மூன்று ஊர் போய் வந்தார். வக்கீலம்மா தினமும் காலையில் வந்து, அவர் கழற்றிப் போட்டதைத் தட்டில் வைத்து பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். அவர் வரச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அந்தப் பெண் ஒரு தடவை வீட்டு வாசலில் வந்து நின்று அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பதினாறு பதினேழு வயதிருக்கும். வக்கீலம்மாவைப் பார்த்தாள். வணக்கம் சொல்லவில்லை. வக்கீலம்மா கழுவிக்கொண்டிருந்த திருகை மறுபடி மறுபடி கழுவினாள்.

ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. உண்மையைச் சொன்ன நான்கு பேரைவிட ஜோக்கைச் சொன்ன நாற்பது பேர் வேகமாக நடந்தார்கள். எங்கே அந்த ஜோக் காதில் விழுந்தாலும் அவள் போய், ஊத்தினது நான்தான் என்று சொல்வாள். சிலருக்கு அது சலித்துப்போனது. அவளுக்கும் இப்போது ஒரு புதுப் பெயர் உண்டு: ஆயில் வக்கீல். காதுபடவே சொல்வார்கள். அவள் வழக்குக்குப் போவதில்லை. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் தந்தியிடம் ஒரு வேனை மட்டும் திருப்பி விட்டது. மற்ற இரண்டும் வரவில்லை.

தந்தி மன்னிச்சுட்டாரா என்று வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்.

"கேக்கல" என்றாள். "கேட்டா, இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால கேக்கக் கூடாது."

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிக்கப்பை அவரிடம்தான் கொண்டுபோகிறாள். போன தடவை அவள் இருக்கும்போது வெளியூர் லாரிக்காரர் ஒருவர் பிரேக் சத்தம் போடுகிறது என்று வந்தார். தந்தி சக்கரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முதல் எழுத்திலேயே சொல் நின்றது. லாரிக்காரர் அவசரக்காரர். வக்கீலம்மா பக்கம் திரும்பி, "இவர் என்னம்மா சொல்ல வர்றார்?" என்று கேட்டார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். பட்டை தேய்ந்து ஆணி உரசுகிறது, சத்தத்திலேயே தெரிந்தது.

"அவரே சொல்லுவார். இருங்க" என்றாள்.

லாரிக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். தந்தி மறுபடி முயன்றார். அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடமும் அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாள். நிமிர முடியவில்லை.